ஒரு கிலோவுக்கு வரி, இருபத்தாறு கிலோவுக்கு இல்லை

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மாதக் கூட்டம் இந்த முறை மன்னார்குடிப் பக்கம் ஒரு உறுப்பினரின் களத்துமேட்டில் நடந்தது. விதைநெல் இருப்பு, ஆலையில் அரைவைக் கூலி, சென்னைக்கு அனுப்பிய பெட்டிகளில் உடைந்தது எத்தனை என்று வழக்கமான பேச்சுதான். கணக்கு வாசித்து முடித்ததும், பொட்டலம் கட்டும் வேலையைப் பார்த்துக்கொள்கிற அக்கா எழுந்தார்.

“ஏன் தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. கடையில இருபத்தாறு கிலோ சிப்பம் வாங்குனா வரி இல்லையாம். நாம ஒரு கிலோ கருப்புக்கவுனி குடுத்தா அஞ்சு சதவீதம் போட்டு வாங்கணுமாம். இது என்ன கணக்கு? யாரு போட்ட கணக்கு?”

கூட்டத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. “ஆடிட்டரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்க்கா” என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. வரி தெரிந்த மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன். ஒருவர் கும்பகோணத்தில் இருக்கும் தணிக்கையாளர். இன்னொருவர் சிறு கடைகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து தரும் வரி ஆலோசகர். மூன்றாமவர் வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் நமக்கு வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பெயரில் தொடங்கிய கதை

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்குப் பொதுவாக வரி இல்லை. பொட்டலம் கட்டி, அதன்மேல் பதிவு செய்த வணிகப் பெயரும் போட்டு விற்றால் மட்டும் 5 சதவீதம். பெரிய கம்பெனி தன் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறது, அது வரி கட்டட்டும். ஊர்க்கடை அரிசிக்கு வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

சட்டம் வந்த சில வாரங்களிலேயே சிலர் தங்கள் வணிகப் பெயரின் பதிவை ரத்து செய்துகொண்டார்கள். அரிசி அதே, பை அதே, படம் அதே. பதிவு மட்டும் இல்லை. ஆகவே வரியும் இல்லை. 2017 செப்டம்பரில் ஐதராபாத்தில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இதற்கு ஒரு முட்டு வைத்தது. அந்த ஆண்டு மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் என்றால், பிறகு ரத்து செய்தாலும் வரி உண்டு என்றது. பதிவு இல்லாத பெயரானாலும், அதன்மேல் சட்ட உரிமை கோர முடியும் என்றால் அதற்கும் வரி. உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அதைப் பையின் மேலேயே அச்சிட்டால் வரி இல்லை. உடனே பல பைகளில் அந்த வாசகம் சின்ன எழுத்தில் ஏறியது.

“வரியைத் தப்பிக்கிறவன் ஒரு கதவைத் தேடுவான். அரசாங்கம் அந்தக் கதவை மட்டும் பார்த்துப் பூட்டுப் போடும். உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காது” என்றார் ஓய்வு பெற்ற அதிகாரி.

அப்படிப் போட்ட பூட்டுதான் 2022-இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய கவுன்சில், வணிகப் பெயர் என்ற அளவுகோலையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, எடையளவுச் சட்டத்தின்படி முன்கூட்டியே பொட்டலம் கட்டி விவரச் சீட்டு ஒட்டியிருந்தால் வரி என்றது. ஜூலை 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எடையளவு விதிகள் 25 கிலோ வரையுள்ள சில்லறைப் பொட்டலங்களைப் பற்றியவை. அதனால் 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை. அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் அடுக்கி வைத்திருக்கும் காரணம் இதுதான். அக்காவின் கேள்வியில் பாதிக்கு இது பதில்.

யார் எழுதிய கடிதம்?

மீதிப் பாதி, இந்தக் கணக்கை யார் கேட்டார்கள் என்பது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வரிக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 ஜூலை 19 அன்று வெளிப்படையாகவே விளக்கம் கொடுத்தார். பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் சிலர் விலக்கைத் தவறாகப் பயன்படுத்தினார்கள், வரி வசூல் குறைந்தது, ஒழுங்காக வரி கட்டிவந்த நிறுவனங்களும் தொழில் சங்கங்களும் இதனால் அதிருப்தியடைந்தன, பொட்டலம் கட்டிய எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வரி போடும்படி அரசுக்கு எழுதினார்கள் என்பது அந்த விளக்கத்தின் சாரம். அதிகாரிகள் குழுவும் அமைச்சர்கள் குழுவும் பார்த்தபிறகு, கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டுதான் முடிவெடுத்தோம் என்றும் சொன்னார். ஆக இதை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எல்லா மாநிலங்களும் அந்த மேசையில் இருந்தன.

வரி கட்டிய கம்பெனிக்காரர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. “பக்கத்துல இருக்கிறவன் ஏமாத்துறான், நான் மட்டும் கட்டுறேன்னு சொன்னா அது நியாயமான புகார்தான்” என்றார் தணிக்கையாளர். “ஆனா அதுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஏமாத்துறவனைப் பிடிக்கிறது ஒண்ணு. எல்லாருக்கும் போட்டுடறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் சுலபம். அப்படிப் போட்டா உங்களை மாதிரி ஆட்களும் மாட்டுவாங்கன்னு எடுத்துச் சொல்ல, கடிதம் எழுதினவங்கள்ல யாரும் இல்ல.”

நான் வாயடைத்துப் போனேன். 2022-இல் நாங்கள் யாருக்கும் எழுதவில்லை. அரிசி ஆலைக்காரர்கள் கதவடைத்தபோது டீக்கடையில் அதைப் பேசினோம், அவ்வளவுதான்.

நமக்கு லேபிள் எதற்கு?

வரியைத் தவிர்க்க வேண்டுமானால் சில்லறையாக அளந்து விற்கலாமே என்று கேட்கலாம். மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு இன்றும் வரி இல்லை. உள்ளூர்ச் சந்தையில் நாமே நின்று விற்கும்போது அப்படித்தான் விற்கிறோம்.

ஆனால் சென்னையில் ஒரு கடையில் நம் மாப்பிள்ளைச் சம்பா இருக்கிறதென்றால், வாங்குகிறவருக்கு நம்மைத் தெரியாது. மருந்தடிக்காத நெல் என்று அவர் நம்புவதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். விளைந்த ஊர், உழவர் பெயர், அரைத்த மாதம், சான்று எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இயற்கை விளைபொருளைச் சீட்டில்லாமல் குவித்து வைத்தால் பக்கத்து மூட்டை அரிசியோடு கலந்துபோகும். நம் உழைப்பும் அதோடு கலந்துபோகும்.

இருபத்தாறு கிலோ சிப்பமும் நமக்கு ஆகாது. கருப்புக்கவுனியை யாரும் சிப்பமாக வாங்குவதில்லை. கஞ்சிக்கு ஒரு கிலோ, பண்டிகைக்கு அரை கிலோ என்றுதான் வாங்குவார்கள். ஆலைக்காரருக்கு ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் தீர்ந்தது. நமக்கு அந்த வழி கிடையாது. ஏமாற்றியவர்களுக்குப் போட்ட பூட்டு, ஊரையும் பெயரையும் ஒளிக்காமல் எழுதி ஒட்டுகிறவர்கள்மேல் வந்து விழுந்திருக்கிறது.

சட்டத்தில் விவசாயி யார்?

அடுத்து நான் கேட்டது: “விவசாயிக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு சொல்றாங்களே சார், அப்போ நாங்க யாரு?”

வரி ஆலோசகர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 23, தன் நிலத்தில் விளைந்ததை விற்கிற விவசாயி பதிவு செய்ய வேண்டியதில்லை என்கிறது. ஆனால் விவசாயி என்றால் யார் என்று பிரிவு 2(7) சொல்கிறது. தன் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தன் மேற்பார்வையில் கூலியாட்களை வைத்தோ பயிர் செய்யும் தனி ஆள், அல்லது இந்து கூட்டுக் குடும்பம். அதோடு முடிந்தது. நாம் பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்து நிறுவனமாகப் பதிவு செய்தால் அந்த நிறுவனம் விவசாயி இல்லை, வியாபாரி.

“தனித்தனியா இருந்தா விவசாயி, ஒண்ணா சேர்ந்தா வியாபாரியா?” என்றேன்.

“சட்டம் அப்படித்தாங்க படிக்குது” என்றார்.

ஒரு பக்கம் உழவர்கள் சேர்ந்து நிறுவனம் தொடங்குங்கள் என்று அரசே ஊக்குவிக்கிறது. இன்னொரு பக்கம், சேர்ந்ததும் விலக்கு போய்விடுகிறது.

அவர் இன்னொரு கண்ணியையும் காட்டினார். பொருள் மட்டும் விற்பவர்களுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. நம் பொட்டல விற்பனை அதைத் தொடவில்லையே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அந்த 40 லட்சத்தில் வரியில்லாத விற்பனையும் சேரும். மூட்டையாக விற்ற நெல் 38 லட்சம், பொட்டல அரிசி 4 லட்சம் என்றால் மொத்தம் 42 லட்சம். பதிவு செய்தாக வேண்டும், அந்த 4 லட்சத்துக்கு வரி கட்டியாக வேண்டும். பெங்களூரில் ஒரு கடைக்குப் பொட்டல அரிசி அனுப்பினால் இந்த 40 லட்சக் கணக்கே செல்லாது. வரியுள்ள பொருள் மாநிலம் தாண்டினால், எவ்வளவு சிறிய தொகையானாலும் பதிவு வேண்டும்.

மூவரும் ஒத்துப்போகாத இடம்

அப்படியானால் நம் பொட்டலத்துக்கு முழு விலக்கு கேட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் மூவரும் மூன்று திசையில் போனார்கள்.

“அவசரப்படாதீங்க” என்றார் தணிக்கையாளர். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்குப் பொட்டல அரிசி விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் 50,000 ரூபாய் வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். ஆனால் அச்சிட்ட பிளாஸ்டிக் பைக்கு நாம் ஏற்கெனவே 18 சதவீதம் வரி கொடுத்திருக்கிறோம். பைக்கு 60,000 செலவென்றால் அதில் 10,800 வரி. பொட்டலம் கட்டும் இயந்திரம் ஒரு லட்சத்துக்கு வாங்கியிருந்தால் 18,000. இந்த 28,800-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டு 21,200 மட்டும் கட்டினால் போதும். முழு விலக்கு வந்தால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த 28,800 நம் செலவோடு சேர்ந்துவிடும், திரும்ப வராது. “விலக்குன்னா இலவசம்னு நினைக்காதீங்க. இயந்திரம் வாங்குற வருஷம் ஒரு கணக்கு, வாங்காத வருஷம் வேற கணக்கு. மூணு வருஷக் கணக்கை வெச்சுப் பார்த்துட்டுக் கேளுங்க.”

வரி ஆலோசகர் இதை ஏற்கவில்லை. அவருக்குத் தொல்லை ஐந்து சதவீதம் அல்ல, கணக்குத் தாக்கல். “அஞ்சு ரூபாயை வாங்குறவங்க கொடுத்துடுவாங்க. ஆனா ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானா ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாசம்னாலும் நாளைக்கு இருபது. மகளிர் குழுவுல ஒருத்தங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அவங்களுக்குக் கல்யாணமாகிப் போயிட்டா அந்தக் குழு கணக்கு அப்படியே நிக்கும். நான் பார்த்த குழுக்கள்ல பாதி நொடிச்சது வரியால இல்ல, தாள்களால.” பிறகு சிரித்துக்கொண்டே, “சட்டம் சிக்கலா இருந்தாத்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதையும் மனசுல வெச்சு நான் சொல்றதைக் கேளுங்க” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஓய்வு பெற்ற அதிகாரி துறையின் பக்கம் நின்று பேசினார். உழவர் நிறுவனம் என்ற பெயரில் வியாபாரிகளே நாலு உழவர் பெயரைப் போட்டு நிறுவனம் தொடங்கி விலக்கை அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது அவர் பயம். “2017-இல் நடந்தது மறுபடி நடக்கும். நீங்கள் விலக்கு கேட்டால், அதை யார் திருடுவார்கள், எப்படித் தடுப்பது என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். உறுப்பினர் நிலத்தில் விளைந்தது மட்டும், அதற்குப் பதிவேடு இருக்க வேண்டும், இத்தனை ரூபாய் வரை மட்டும் என்று நிபந்தனையோடு கேட்டால் அதிகாரிகள் படிப்பார்கள். வெறும் ‘ரத்து செய்’ என்று எழுதினால் கோப்பில் போய்விடும்.”

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

கேட்டால் நடக்குமா? சில காரியங்கள் நடந்திருக்கின்றன.

காயவைத்த மிளகும் உலர்திராட்சையும் விளைபொருளா, பதப்படுத்திய பொருளா என்று பல ஆண்டுகள் குழப்பம். பயிர் செய்தவரே விற்றால் அவர் வரிக்குப் பொறுப்பில்லை என்று 2024 டிசம்பரில் கவுன்சில் தெளிவுபடுத்தியது. விவரம் கேட்டு மனு போட்டவர்கள் இருந்ததால் பதில் வந்தது.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த புதிய வருமான வரி மசோதாவில், உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குப் பிடித்த வரி திரும்பக் கிடைக்காது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கணக்காளர்களும் வரி ஆலோசகர்களும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் திருத்திக் கொண்டுவந்த மசோதாவில் அது நீங்கியது. “நாங்க கொடி பிடிக்கல. எந்தப் பிரிவு, எந்த வரி, அதுக்குப் பதிலா என்ன எழுதணும்னு தாள்ல கொடுத்தோம்” என்றார் தணிக்கையாளர்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய கவுன்சில் நமக்கும் சில நன்மைகள் செய்தது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி, பெவேரியா, வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி போன்ற பன்னிரண்டு உயிர்ப் பூச்சிக்கொல்லிகளுக்கு வரி 12-இலிருந்து 5 ஆனது. டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிக்கும் அப்படியே. அதே கூட்டத்தில், பொட்டலம் கட்டிச் சீட்டு ஒட்டிய பனீருக்கு 5 சதவீத வரி அறவே நீங்கியது. பொட்டலம் கட்டிய அரிசிக்கு நீங்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, “பனீருக்குக் கேட்க ஆள் இருந்திருக்காங்க போல” என்றார். யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொட்டலத்துக்கு விலக்குக் கொடுக்கவே முடியாது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

லாபி என்றால் கெட்ட வார்த்தையா?

நம் இயக்கத்தில் லாபி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. விதைக் கம்பெனியும் மருந்துக் கம்பெனியும் செய்வது என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவில் யார் யாருக்காகப் போய்ப் பேசுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பதிவு செய்ய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2013-இல் ஓர் உறுப்பினர் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே மூடிய அறையில் யார் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. இது மாற வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து.

ஆனால் பணமும் விருந்தும் இல்லாமல், கையெழுத்துப் போட்ட கடிதத்தில் நம் குறையை எழுதி ஆள்கிறவர் கையில் கொடுப்பது உரிமை. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். தமிழ்நாட்டின் அமைச்சருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அவர் கையில் நம் தாள் இருந்ததா என்பதுதான் கேள்வி.

எங்கள் கடிதம்

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு மணி நேரம் விவாதம். கடைசியில் மூன்று கோரிக்கை எழுதினோம்.

ஒன்று: பங்குதாரர் எல்லாரும் பயிர் செய்கிறவர்களாக இருந்து, உறுப்பினர் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் நிறுவனத்தையும் குழுவையும் பிரிவு 2(7)-இல் விவசாயியாகச் சேர்க்க வேண்டும். அதற்கு உறுப்பினர் வாரியான கொள்முதல் பதிவேடு காட்டத் தயார்.

இரண்டு: 40 லட்சம் கணக்கில் உறுப்பினரின் நெல்லை மூட்டையாக விற்ற தொகையைச் சேர்க்கக் கூடாது.

மூன்று: சிறு குழுக்களுக்குத் தாமதக் கட்டணத்தில் ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும்.

முழு விலக்கா, வரி கட்டி உள்ளீட்டைக் கழிப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. மூன்றாண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எடுத்து முடித்ததும் அந்தக் கணக்கையும் கடிதத்தோடு இணைத்து, மாநில நிதியமைச்சருக்கும் வணிகவரி அமைச்சருக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் டெல்லியில் கவுன்சில் செயலகத்துக்கும் அனுப்பப் போகிறோம்.

உழவர்களே, உங்கள் குழுவிலும் ஒரு வேலை செய்யுங்கள். போன மூன்று ஆண்டுகளில் பொட்டலமாக விற்றது எவ்வளவு, மூட்டையாக விற்றது எவ்வளவு, பைக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்த வரி எவ்வளவு, ஆடிட்டருக்கும் தாமதக் கட்டணத்துக்கும் போனது எவ்வளவு என்று நாலு வரி எழுதி இதழுக்கு அனுப்புங்கள். ஒரு குழுவின் கணக்கென்றால் ஓரமாக வைத்துவிடுவார்கள். நூறு குழுவின் கணக்கு வந்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடிதத்தில் முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்: “இதுக்கு வரி இல்லையே தம்பி?”